தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன டீச்சர்

ஹப்சா டீச்சர் பன்னிரண்டாவது முடிக்கும்வரை ஒரு வாய்க்காலில்கூடக் கால் நனைத்ததில்லை. கள்ளக்குறிச்சி கடைவீதியில் செருப்புக்கடை வைத்திருந்த காஜா மைதீனின் கடைசிப் பெண் அவள். மழைத் தண்ணீர் தெருவில் தேங்கினாலே சுற்றிக்கொண்டு போகச் சொல்லும் வீடு. அப்படிப்பட்டவள் முப்பத்தைந்து வயதில், புர்காவின் ஓரத்தை ஊக்குக் குத்தித் தூக்கிக்கொண்டு, முழங்கால் ஆழத்தில் நின்று, "கல்லத் திருப்பிப் பாருங்க, அடியிலதான் இருக்கும்" என்று கத்துவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

படித்தது விலங்கியல். மூன்று வருஷமும் தவளையைக் கண்ணாடிக் குப்பிக்குள் மருந்து நாற்றத்தோடு பார்த்ததோடு சரி. வேலை கிடைத்தது கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் தள்ளி, கோமுகி அணை வாய்க்காலை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியில். சேர்ந்த வருஷம் கரும்பலகையில் ஒரு நீர்ப்பூச்சியை வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருந்தாள். முன்பெஞ்சிலிருந்து ரம்யா என்ற பெண் எழுந்து நின்றாள்.

"மிஸ், அதுக்கு வால்ல ரெண்டு இழ இல்ல. மூணு."

"புஸ்தகத்துல ரெண்டுதான போட்டிருக்கு?"

"வாய்க்கால்ல மூணு மிஸ்."

மறுநாள் சாயங்காலம் வகுப்பே அவளை வாய்க்காலுக்கு இழுத்துக்கொண்டு போனது. ரம்யா ஒரு கல்லைப் புரட்டி, அதில் ஒட்டியிருந்த நகக்கண் அளவு பூச்சியை உள்ளங்கையில் விட்டுக் காட்டினாள். எண்ணிப் பார்த்தால் மூன்று.

அன்றிலிருந்து மாதத்தில் மூன்றாவது சனிக்கிழமை வாய்க்கால் நாள். டீ வடிகட்டி, வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா, பழைய பல்துலக்கி, ஆளுக்கொரு நோட்டு. இவ்வளவுதான் சாமான். மதகிலிருந்து கரும்புக்காடு முடியும்வரை நான்கு இடங்கள் குறித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்துக் கல் புரட்ட வேண்டும். என்ன இருக்கிறது, எத்தனை, உயிரோடா செத்ததா என்று எழுத வேண்டும். எந்த வயலில் உரம் போட்ட மறுவாரம் பாசி கூடுகிறது, எந்தப் பூச்சி சாக்கடை கலந்தால் முதலில் காணாமல் போகிறது என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அப்புறம் ஒரு தொண்டு நிறுவனம் நீர்ப் பரிசோதனைப் பெட்டி ஒன்றைக் கொடுத்தது. உள்ளே சின்னச் சின்னக் குப்பிகள், சொட்டு மருந்து, நிறம் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டை. பெட்டி வந்தபின் பிள்ளைகளுக்குக் கல் புரட்டுவதில் இருந்த வேகம் கொஞ்சம் குறைந்தது. தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்க்க முண்டியடித்தார்கள். ஹப்சாவும்தான்.

அந்தக் கூட்டத்தில் கல்லை விடாதவள் எட்டாம் வகுப்பு அபிநயா. அப்பா பூமாலை குத்தகைக்குக் கரும்பு போடுகிறவர். அம்மா ஜெயசுதா களை வெட்டப் போவாள். அபிநயா அதிகம் பேச மாட்டாள். மற்றவர்கள் பத்துக் கல் புரட்டினால் அவள் இருபது புரட்டுவாள். அவள் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும். ஆனால் ஒரு எண்ணிக்கையும் தப்பாது.

பிப்ரவரி மாதம். அணையில் தண்ணீர் நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. வாய்க்காலில் ஓட்டம் நின்று, மதகுக்குக் கீழே மட்டும் ஒரு குட்டை தேங்கிக் கிடந்தது. அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு இருபத்திரண்டு பிள்ளைகளோடு ஹப்சா அங்கே போனபோது, குட்டை முழுக்க மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கெண்டையும் ஜிலேபியும். சில வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். ஹப்சாவுக்குக் காரணம் உடனே தெரிந்தது. போன மாதம்தான் அந்தப் பாடம் நடத்தியிருந்தாள்.

"தண்ணி கம்மியாயிடுச்சு, வெயில் ஏறிடுச்சு. அப்ப தண்ணியில இன்னா கம்மியாவும்?"

"ஆக்சிஜன் மிஸ்!"

"அதான் மூச்சுக்குத் தவிச்சுக்கினு மேல வருது. வாங்க, பாத்துடலாம்."

பெட்டியைத் திறந்தார்கள். சொட்டு விட்டார்கள், குலுக்கினார்கள், அட்டையோடு ஒப்பிட்டார்கள். ஆக்சிஜன் குறைவு, அவள் சொன்ன மாதிரியே. மற்ற எல்லா நிறமும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. "பாருங்க, தண்ணியில வேற கெடுதல் ஒண்ணும் இல்ல. தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்றாள். இருபத்திரண்டு நோட்டுகளிலும் அது ஏறியது.

அபிநயா மட்டும் மதகின் அந்தப் பக்கம் குனிந்திருந்தாள். எழுந்து வந்தாள்.

"மிஸ், பூச்சியும் செத்துக் கெடக்குது."

"எந்தப் பூச்சி?"

"தண்ணி மேல ஓடுமே மிஸ், நீளக்கால் பூச்சி, அதுகூட."

பதினொன்றே காலுக்கு அவள் வீடு திரும்ப டவுன் பஸ். அதை விட்டால் அடுத்தது ஒரு மணிக்கு. வெயிலில் இரண்டு பிள்ளைகள் தலைவலி என்று உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். "எழுதி வை அபி. திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்றாள் ஹப்சா.

கிளம்பும்போது அபிநயா மறுபடி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"மிஸ், கொஞ்சம் மீன் எடுத்துக்கினு போவட்டா? எங்கம்மாவுக்குக் கெண்டைன்னா உசுரு."

மூச்சு முட்டிச் சாகப்போகிற மீன்தானே, வீணாகப் போவானேன் என்று ஹப்சாவுக்குத் தோன்றியது. "செத்தத எடுக்காத. உசுரோட இருக்கறதா பாத்து எடு" என்றாள். அதையே பெரிய ஜாக்கிரதை என்று நினைத்தாள். அபிநயாவைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த இரண்டு வீடுகளிலும் சனிக்கிழமை கவிச்சி சேர்க்க மாட்டார்கள். மீனைத் தண்ணீர்ப் பானையில் போட்டு நாளைக்கு என்று வைத்துவிட்டார்கள். பூமாலை வீட்டில் அந்த வழக்கம் இல்லை.

சாயங்காலம் நாலரைக்குக் கணக்கு டீச்சர் மணிமொழி போன் செய்தாள். "ஹப்சா, நம்ம அபிநயா வூட்ல எல்லாருக்கும் வாந்தி. நூத்தியெட்டுல ஏத்திக்கினு கள்ளக்குறிச்சி வந்துக்கினு இருக்காங்க. மீன் சாப்பிட்டாங்களாம்."

ஹப்சாவின் வீட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான். போகும்போதுகூட ஏதோ கெட்டுப்போன மீன் என்றுதான் நினைத்துக்கொண்டு போனாள். அபிநயாவும் தம்பி சந்தோஷும் ஒரே கட்டிலில் கிடந்தார்கள். வாயோரம் நுரை, கையில் ஊசி. பூமாலை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தார். ஜெயசுதாவை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். அவள்தான் கடைசியாகச் சாப்பிட்டவள். பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் துண்டுகளைப் போட்டுவிட்டு, தலைகளையும் சினையையும் சட்டியில் ஒட்டிய குழம்பையும் சோறு போட்டு வழித்துச் சாப்பிட்டிருந்தாள்.

வெளியே வந்த டாக்டர் இளம் வயது. "பூச்சிமருந்து" என்றார். "எவனோ மீன் புடிக்கறதுக்குத் தண்ணியில ஊத்தியிருக்கான். மீன் எங்க வாங்குனாங்க?"

தோளில் பள்ளிக்கூடப் பை தொங்கிக்கொண்டிருந்தது. வாய்க்காலிலிருந்து வரும்போது வாங்கிப் போட்டிருந்த நோட்டுகள் இன்னும் அதற்குள்தான் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து அபிநயாவின் நோட்டைத் தேடி எடுத்தாள்.

இடம் ஒன்று. மதகுக்குக் கீழே. கல் இருபது. தும்பிப்புழு: உயிர் 0, செத்தது 6. மூன்று வால் பூச்சி: உயிர் 0, செத்தது 11. தண்ணி மேல ஓடும் பூச்சி: உயிர் 0, செத்தது 14. அதற்குக் கீழே பென்சிலில், 'மிஸ்கிட்ட சொன்னேன்.'

தண்ணீர் மேல் ஓடுகிற பூச்சி காற்றில் மூச்சு விடுகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மீன் சாகும், அது சாகாது. அது பதினான்கு செத்துக் கிடந்தால் தண்ணீரில் விஷம் என்று அர்த்தம். இதைச் சொல்லிக் கொடுத்ததே ஹப்சாதான். மதகுக்குப் பக்கத்தில் நின்றபோது அவள் மண்டையில் இது ஏறவில்லை. பஸ் நேரம்தான் ஏறியிருந்தது.

மணிமொழிக்குப் போன் போட்டு மற்ற இரண்டு வீட்டுக்கும் ஓடச் சொன்னாள். பானையோடு கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு ஜெயசுதா இறந்துபோனாள். பிள்ளைகள் பிழைத்தார்கள். பூமாலையும்.

ஹப்சாவின் புருஷன் நவுஷாதுக்குத் துணிக்கடை. பேச்சு குறைவு. செய்தி வந்ததும் கடையைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஊத்துனவன் எவனோ. நீ இன்னா பண்ணுவ?"

"அவ சொன்னா. நான் கேக்கல."

"யாருக்குத் தெரியும் அது?"

"அவளுக்குத் தெரியும்."



திங்கட்கிழமை தலைமையாசிரியர் தீனதயாளன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம். கெட்டவர் இல்லை. வாய்க்கால் நாளுக்கெல்லாம் வாய்மொழியாகவே சரி சொல்லிக்கொண்டிருந்தவர்.

"எழுத்துல ஒண்ணும் கெடையாது டீச்சர். நான் அனுமதி குடுத்தேன்னு ஒரு காயிதம் இல்ல. வியாழக்கிழமை ஆபீஸ்லேர்ந்து விசாரணைக்கு வராங்க. ஒரே வார்த்த. லீவு நாள்ல அந்தப் பொண்ணு தானா போயி மீன் புடிச்சிக்கினு போச்சு. அவ்ளோதான்."

"நான்தான் எடுத்துக்கச் சொன்னேன் சார்."

"யார் கேட்டா அத? பசங்க சொல்லமாட்டாங்க, நான் பேசிக்கறேன். அந்த நோட்டுல ஒரு பக்கம் இருக்காமே? மணிமொழி டீச்சர் சொன்னாங்க. அத்தக் கிழிச்சிடுங்க. உங்களுக்கும் கொழந்தைங்க இருக்குது, எனக்கும் பென்ஷன் இருக்குது."

ஹப்சா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்று முழுவதும் கிழித்துவிடத்தான் நினைத்தாள். வேலை போனால் மாமியார் என்ன சொல்வாள், பெரியவளின் படிப்பு என்னவாகும், கோர்ட்டுக்கு அலைய வேண்டுமா என்று ஒவ்வொன்றாக வந்தது. பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கூடப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை நவுஷாத் பைக்கில் அவளைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப் போனான். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பூமாலையின் அக்கா, ஹப்சா யாரென்று தெரியாமலே, அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க தம்பி பொண்டாட்டிய எமன் தூக்கிக்கினு போவலம்மா. பெத்த பொண்ணு தூக்கிக்கினு போயிட்டா. வாய்க்கால்ல மீனு வாரியாந்து ஆத்தா வாயில போட்டா. அது பொண்ணா? பெத்தவளத் துன்ன வந்தது."

அபிநயா உள்ளே, அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அங்கே கேட்கும். யாரும் அவளுக்குத் தலை வாரவில்லை. ஹப்சா வாசற்படி வரை போய் "அபி" என்றாள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் ஹப்சாவால் தாங்க முடியாததாக இருந்தது. அத்தை சொல்வதை அந்தப் பெண் அப்படியே நம்பிவிட்டிருந்தாள்.

திரும்பும் வழியில் நவுஷாதின் முதுகுக்குப் பின்னாலிருந்து, "நான் சொல்லிடப் போறேன்" என்றாள் ஹப்சா. அவன் வேகத்தைக் குறைத்தான். "சொல்லு" என்றான். அவன் குரலில் சந்தோஷமில்லை.

வியாழக்கிழமை விசாரணை அதிகாரி பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்தார். ஊரே வந்து நின்றது. பூமாலை மொட்டையடித்த தலையோடு தூணோரம் குந்தியிருந்தார். பக்கத்தில் அவர் அக்கா. அதிகாரி, அறைக்குள் தனியாக வாக்குமூலம் கொடுக்கலாம் என்று ஹப்சாவிடம் சொன்னார்.

"இங்கயே சொல்றேன் சார். இவங்களுக்கும் கேக்கணும்."

தீனதயாளன் கீழே பார்த்துக்கொண்டார்.

"மீன் செத்துக்கினு இருந்தது. நான் ஆக்சிஜன் கம்மின்னு சொன்னேன். பெட்டிய வெச்சு டெஸ்ட் பண்ணிட்டு, தண்ணி நல்லா இருக்குன்னு சொன்னேன். அந்தப் பெட்டிக்குப் பூச்சிமருந்தக் கண்டுபுடிக்கத் தெரியாது. எனக்கு அது தெரியும், அன்னிக்கு யோசிக்கல. அபிநயாதான் கண்டுபுடிச்சா. பூச்சியெல்லாம் செத்துக் கெடக்குதுன்னு எங்கிட்ட வந்து சொன்னா." நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்தாள். "நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அத்தக் கேக்கல. அவ மீன் எடுத்துக்கட்டான்னு எங்கிட்ட கேட்டா. நான் எடுத்துக்கோன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கெடையாது. அன்னிக்கு அந்த எடத்துல புத்தியோட இருந்தது அவ ஒருத்திதான்."

பூமாலை எழுந்து அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து மணிமொழி குறுக்கே வந்தாள்.

"சொல்லிட்டா ஆச்சா டீச்சர்? எம்பொண்டாட்டி எழுந்து வந்துடுவாளா?"

"வரமாட்டாங்க."

"படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னுதான அவ சட்டியில போட்டா. எம்பொண்ணு வந்ததும் வராததுமா, டீச்சர் டெஸ்ட் பண்ணிட்டாங்கம்மா, தண்ணி நல்லா இருக்குதுன்னு சொன்னா. அதக் கேட்டுட்டுத்தான் அடுப்புப் பத்த வெச்சா." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் அக்கா போகும்போது ஹப்சாவின் காலடியில் மண்ணை வாரித் தூற்றினாள்.

ஹப்சாவைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்தார்கள். நான்கு மாதம் வீட்டில் இருந்தாள். கடைவீதியில் பெயர் கெட்டது. துணிக்கடைக்கு வருகிறவர்கள் நவுஷாதிடம் விசாரித்துவிட்டு, துணி எடுக்காமல் போனார்கள். மருந்து ஊற்றியது பக்கத்து ஊர் ஆட்கள் இரண்டு பேர் என்று பிடித்தார்கள். முதல்நாள் ஊற்றிப் பெரிய மீனை வாரிக்கொண்டு, சின்னதை விட்டுவிட்டுப் போனவர்கள். பத்தே நாளில் ஜாமீனில் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பரிசோதனைப் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பிள்ளைகள் மதில் தாண்டிப் போகக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். சம்பள உயர்வை நிறுத்தி, மலைமேல் கரியாலூருக்கும் அந்தப்பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளிக்கு ஹப்சாவை மாற்றினார்கள்.

அந்த நான்கு மாதத்தில் நல்லது என்று காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. விசாரணை நடந்த அன்று சாயங்காலம் பூமாலை தன் மகளைச் சாப்பிடக் கூப்பிட்டுத் தன் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாராம். அக்காவை அவள் ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டாராம். மணிமொழிதான் சொன்னாள். ஹப்சா ஒருமுறை அந்த வீட்டுக்குப் போக முயன்றாள். பூமாலை வேலிப்படலோடு நிறுத்திவிட்டார். "எம்பொண்ணு உங்களப் பாக்க வேணாம்ங்கறா டீச்சர். வராதீங்க." மரியாதையாகத்தான் சொன்னார். அவள் அப்புறம் போகவில்லை.

மலைப்பள்ளியில் முதல் வருஷம் அவள் வகுப்பறையை விட்டு வெளியே வரவில்லை. பாடம், படம், பரீட்சை. சன்னலுக்கு வெளியே பத்தடியில் ஓடை. இரண்டாம் வருஷம் ஒருநாள், வகுப்பே ஓடையில் இருந்தது. இடைவேளை முடிந்தும் யாரும் திரும்பவில்லை. திட்டிக் கூட்டிவரப் போனவள் கரையில் நின்றாள். அவர்கள் கல் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அதட்டவில்லை; செருப்பைக் கழற்றினாள். தண்ணீரில் இறங்கினாள். கரையைப் பிடித்துக்கொண்டு அன்று இரண்டு நிமிஷம்தான் நின்றாள். அடுத்த வாரம் கொஞ்சம் கூட நின்றாள். இப்போது மாதம் ஒருமுறை, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகிறாள். தண்ணீரிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எவ்வளவு அழுதாலும் விடமாட்டாள். பெட்டி எதுவும் அவளிடம் இல்லை. கொடுக்க வந்தவர்களிடமும் வேண்டாம் என்றுவிட்டாள்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவள் கரியாலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, எதிர்ச் சாரியில் பிளஸ் ஒன் சீருடையில் ஒரு பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயரமாகிவிட்டிருந்தாள். ஹப்சா முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் பஸ்களுக்கு நடுவில் புகுந்து வந்துவிட்டாள்.

"மிஸ்."

"அபி. நல்லா இருக்கியாம்மா?"

"ம்."

"அப்பா?"

"இருக்காரு மிஸ். தம்பி அஞ்சாவது."

ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு இடித்துவிடுவதுபோல் கடந்தது. ஹப்சா வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

"இன்னா குரூப் எடுத்திருக்க?"

"காமர்ஸ் மிஸ்." கேட்காமலே சொன்னாள். "சயின்ஸ் மார்க் இருந்துச்சு. லேப்புல நோட்டு எழுதணும்னாங்க. கை வரல."

ஹப்சா தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்க மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அந்த இரைச்சலில் சொல்லத் தகுதியானதாக இல்லை.

"மலையில பசங்கள வெளிய இட்டுக்கினு போறீங்களா மிஸ்?"

"போறேன்."

அபிநயா அதற்கு நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "மணியடிச்சிடுவாங்க. வரேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே பஸ்களுக்கு நடுவில் புகுந்து போனாள். கரியாலூர் பஸ் வந்து நின்று, ஏறுகிறவர்கள் ஏறி, கண்டக்டர் இரண்டுமுறை கூப்பிட்ட பிறகுதான் ஹப்சா படியில் கால் வைத்தாள்.